மூன்றாவது மூடி

17

அரிஷ்டம் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள் பிரேமா. அடியில் ஒட்டிக்கொண்டிருந்த நாலு சொட்டு மெல்ல இறங்கி வந்து வாய் விளிம்பில் நின்றது. அவ்வளவுதான்.

வாங்கி வந்து பத்தே நாள். பதினைந்து நாளைக்கு வரும் என்று சித்த மருத்துவர் மணியம்மை சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மதியச் சோற்றுக்குப் பிறகு ஒரு மூடி, இரவுச் சோற்றுக்குப் பிறகு ஒரு மூடி, அதே அளவு வெந்நீர் கலந்து.

மூன்று மாதமாக அந்த வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது மாமனார் தணிகாசலத்தின் வயிற்றில்தான் வந்து முடிந்தது. எழுபத்திரண்டு வயது. விடாத ஏப்பம், நெஞ்செரிச்சல், மேல்வயிற்றில் கல்லை வைத்தாற்போல் பாரம். திருவள்ளூருக்கு அழைத்துப் போய் ரத்தம், ஸ்கேன், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு குறையும் இல்லை, வெறும் அஜீரணம்தான் என்றார்கள்.

அந்த 'வெறும்'தான் பிரேமாவை அரித்தது. நோய் இல்லையென்றால் சாப்பாடு. சாப்பாடு என்றால் அவள்.

புளியைக் குறைத்தாள். துவரம்பருப்பை நிறுத்திப் பாசிப்பருப்பு போட்டாள். பிரண்டைத் துவையல், சீரக ரசம், சுக்கு தட்டிப் போட்ட மோர். செக்கு எண்ணெய் தவிர வேறு எண்ணெய் அடுப்பங்கரைக்குள் வரவில்லை. மாமனார் தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மணவூரிலிருந்து வந்த கௌரியம்மாள், தணிகாசலத்தின் அக்கா, மனதில் இருந்ததைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் கொட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"இந்த ஊட்டு சோறுதான் என் தம்பிக்கு ஆவல. பாக்கெட் மாவும் பாமாயிலும் போட்டா வயிறு இன்னாத்துக்கு ஆவும்?"

பிரேமா ஒரு நாளும் பாக்கெட் மாவு வாங்கியதில்லை. அத்தை அப்படித்தான் பேசுவாள், அது பழகிப்போன விஷயம். ஆனால் கணவன் சந்திரமோகன் பேப்பரை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியெல்லாம் இல்ல" என்று ஒரு வார்த்தை இரண்டு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை அவளுக்கு ஆறவில்லை.

மணி பத்தரை. மாமனார் வழக்கம்போல் கே.ஜி.கண்டிகைப் பக்கமிருந்த தன் கரும்பு வயலைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். சந்திரமோகன் மின்வாரிய ஆபீசுக்குப் போய் ஒரு மணி நேரமாகிறது. பிரேமா காலிப் பாட்டிலைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பூட்டினாள்.

மறுநாள் கிருத்திகை, மலைமேல் முருகனுக்கு விசேஷம். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மொட்டைத் தலைகளும் சந்தன வாசனையும் தெலுங்குப் பேச்சுமாக நெரிசல். புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று காவடியோடு ரோட்டைக் கடக்க, வண்டிகள் எல்லாம் நின்று வழிவிட்டன. பிரேமா அவர்களோடு சேர்ந்து கடந்து, மணியம்மையின் சின்ன கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மணியம்மை பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கீழ எதுனா கொட்டிட்டாரா?"

"அவரா? சர்க்கரை ஆலையில முப்பத்தி ரெண்டு வருசம் எடை மேடையில நின்னவருங்க டாக்டர். கரும்பு வண்டி எடையில ஒரு கிலோ கூடுனாலும் உட மாட்டாரு. மூடியில கோடு வரைக்கும் ஊத்தி, கண்ணுக்கு நேரா வெச்சுப் பாத்துத்தான் குடிப்பாரு."

மணியம்மை மேஜை மேலிருந்த காகிதத்தில் ஏதோ எழுதினாள். பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

"இந்தப் பாட்டில்ல முப்பது மூடி இருக்குது. ஒரு நாளைக்கு ரெண்டுன்னா பதினஞ்சு நாளு. பத்து நாள்ல தீந்துச்சுன்னா தெனம் கிட்டத்தட்ட மூணு. ஏம்மா, அவரு என்னான்ட ஒண்ணு கேட்டாரு, ஞாபகம் இருக்குதா? காலையில இட்லி சாப்ட்டுட்டும் குடிக்கணுமான்னு. வேணாம், சோறு சாப்ட்டா மட்டும் ஒரு மூடின்னு சொன்னேன். அத்த நோட்ல வேற எழுதிகினாரு."

"ஆங். எழுதினாரு."

"அப்படின்னா அளவு தப்பல. மூணு வேளை சோறு சாப்புடறாரு."

பிரேமாவுக்குச் சிரிப்புதான் வந்தது. "ஊட்ல ரெண்டு வேளைதாங்க. நான்தானே போடறேன்."

"உங்க ஊட்ல ரெண்டு வேளை" என்றாள் மணியம்மை. "வயசானவரு. பகல்லயே ரெண்டு சாப்பாடு உள்ள போனா எந்த வயிறு தாங்கும்? இன்னொரு பாட்டில் நான் இப்போ தர மாட்டேன். மொதல்ல அந்த மூணாவது சோறு எங்கேன்னு பாருங்க."

வெளியே வந்த பிரேமா ஒரு ஜூஸ் கடை நிழலில் நின்றாள். இப்போது யோசித்தால் எல்லாம் தெரிந்தது. மாமனார் தினமும் காலையில் பழைய இருமல் மருந்து பாட்டில் ஒன்றில் கொஞ்சம் அரிஷ்டம் ஊற்றிப் பையில் வைத்துக்கொள்வார். கேட்டால், வயலில் நெஞ்சு கரித்தால் குடிக்க என்பார். ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்து அவள் பரிமாறுவதைச் சாப்பிடும்போது முதல் கவளத்திலேயே அவர் முகம் களைத்துவிடும்.

ஹோட்டலில் சாப்பிடுகிறார். வேறென்ன இருக்க முடியும்?

அப்படியென்றால் அத்தை சொன்னதுதான் நிஜம். என் சோறு பிடிக்காமல் மனிதர் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு, என் மனசு நோகக்கூடாதென்று வீட்டிலும் சாப்பிடுகிறார். கே.ஜி.கண்டிகை வழியாகச் சோளிங்கர் போகும் ஷேர் ஆட்டோ ஒன்று எதிரில் வந்து நின்றதும், யோசிக்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வயலில் அவர் இல்லை. வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியவரா? அவரு இந்நேரத்துக்கு மருமவ ஊட்டுக்குப் போயிடுவாரே."

"மருமவ நான்தாம்மா."

"நீங்க பெரிய மருமவளா? நான் சின்னவளச் சொன்னேன். தண்ணி டேங்க் பின்னால, பச்சை கேட்டு போட்ட ஊடு."

பிரேமா நின்ற இடத்திலேயே நின்றாள்.

சின்னவள் என்றால் மோகனப்ரியா. கொழுந்தன் டில்லிபாபு இரண்டு வருடம் முன்பு கட்டிக்கொண்டு வந்த பெண். அவளுடைய அம்மா அப்பா இதே வயலில் கரும்பு வெட்டியவர்கள். "அந்த ஊட்ல நான் பச்சைத் தண்ணி தொட மாட்டேன், என் ஊட்டு ஆளுங்க ஒருத்தரும் அவங்க வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று அன்று மாமனார் சொன்னார். அந்தச் செய்தியைத் தம்பியிடம் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொல்ல வேண்டிய வேலை சந்திரமோகனுக்கு. சொல்லிவிட்டு வந்து இரண்டு நாள் அவன் சாப்பிடவில்லை. பிரேமா கல்யாணமாகி வந்தபோது டில்லிபாபு எட்டாம் வகுப்பு. தாயில்லாத பிள்ளை. பள்ளிக்கூடம், காலேஜ் என்று எட்டு வருடம் அவனுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்த கை அவளுடையது. பெரியவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு இந்த இரண்டு வருடமும் அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

பச்சை கேட் திறந்தே இருந்தது. கதவும் திறந்திருந்தது.

உள்ளே பாயில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். எதிரே எவர்சில்வர் தட்டில் மலைபோல் சோறு. பக்கத்தில் அந்த இருமல் மருந்து பாட்டில். கரண்டியோடு குனிந்திருந்த பெண்தான் முதலில் நிமிர்ந்தாள். குழம்பு கரண்டியிலிருந்து பாயில் சொட்டியது.

"அக்கா..."

தணிகாசலத்தின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"உள்ள வரலாமா?" என்று கேட்டாள் பிரேமா.

"ஐயோ, இன்னாக்கா இப்டி கேக்கறீங்க, வாங்க." மோகனப்ரியா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நாற்காலியை எடுத்தாள், அதன் மேலிருந்த துணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

பிரேமா நாற்காலியில் உட்காரவில்லை. மாமனாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளா மாமா?"

அவர் கையைத் தட்டில் இறக்கினார். "தை கடைசியில... வெயில்ல வயல்லேர்ந்து வந்துகினு இருந்தேன். டேங்காண்ட தலை சுத்திப் போச்சு. கீழ உட்கார்ந்துட்டேன். யாரோ தூக்கிக்கினு வந்து இங்க படுக்க வெச்சாங்க. கண்ணைத் தொறந்து பாத்தா இந்தப் பொண்ணு. மோர் குடுத்துச்சு. அப்புறம் சோறு போட்டுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "மறுநாளு இந்தப் பக்கம் வந்தப்போ வாசல்ல நின்னுகினு இருந்துச்சு. சாப்ட்டுட்டுப் போங்க மாமான்னு கூப்ட்டுச்சு."

"அப்பலேர்ந்து தெனமும்?"

"ஞாயித்துக்கெழம மட்டும் வர மாட்டேன். அன்னிக்கி டில்லி ஊட்ல இருப்பான்."

"ரெண்டு ஊட்லயும் வயிறு முட்ட. அப்படித்தானே?"

தணிகாசலம் தட்டிலிருந்த சோற்றை விரலால் ஒதுக்கினார். "இங்க போதும்னு சொல்ல வாய் வரல பிரேமா. தண்ணி தொட மாட்டேன்னு சொன்னவன் நான். அந்தப் பொண்ணு கரண்டிய எடுத்துகினு வந்து, இன்னும் கொஞ்சம் போடட்டுமா மாமான்னு கேக்கறப்போ, வேணாம்னு சொன்னா அது இன்னான்னு நெனைக்கும்? அங்க வந்தா நீ போடற. வேணாம்னா ஏன்னு கேப்ப. இன்னா பதில் சொல்றது?"

மோகனப்ரியாவின் முகம் மாறியது. "மாமாவுக்கு ஒடம்பு சரியில்லையாக்கா?"

"மூணு மாசமா அஜீரணம். நெஞ்செரிச்சல். ஆஸ்பத்திரிக்கெல்லாம் போயி வந்தாச்சு. உனக்குத் தெரியாதா?"

"ஒரு நாளும் சொல்லலியே!" அவள் அந்தச் சின்ன பாட்டிலைக் காட்டினாள். "இது இன்னா மாமான்னு கேட்டேன். சத்து டானிக்குமா, குடிச்சா நல்லா பசி எடுக்குதுன்னாரு. அதான் நான் இன்னும் ரெண்டு கரண்டி சேத்துப் போட்டுகினு இருக்கேன்!"

பிரேமா மாமனாரைப் பார்த்தாள். மோகனப்ரியாவைப் பார்த்தாள். கோபமாகப் பேசத்தான் வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு. மோகனப்ரியா முதலில் பயந்துபோய்ப் பார்த்தாள், பிறகு அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தணிகாசலம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

சிரித்து முடித்ததும் கோபம் அதன் இடத்தில் அப்படியே இருந்தது.

"மாமா, ஞாயித்துக்கெழம அத்தை எல்லார் முன்னாலயும் என் சமையலச் சொன்னாங்க. நீங்க தரையைப் பாத்துகினு இருந்தீங்க. காரணம் இன்னான்னு அந்த ஊட்ல ஒருத்தருக்குத் தெரியும். அது நீங்க. உங்க பேச்சுக்குக் கட்டுப்பட்டு நான் டில்லிய ரெண்டு வருசமா பாக்கல. அவன் காய்ச்சல்ல கெடந்தான்னு வேற ஆளு சொல்லித்தான் தெரிஞ்சுது. அப்பவும் போவல."

"தப்புதாம்மா" என்றார் தணிகாசலம். அந்தச் சொல்லை அவர் வாயால் அவள் கேட்டது அதுவே முதல் முறை.

பிரேமா தட்டிலிருந்த சோற்றைப் பார்த்தாள். "மோகனா, இன்னொரு தட்டு எடுத்துகினு வா. இதுல பாதி எனக்கு. நானும் இன்னும் சாப்பிடல."

மோகனப்ரியா தட்டு எடுத்து வந்தாள். கத்தரிக்காயும் காராமணியும் போட்ட குழம்பு. காரம் கொஞ்சம் தூக்கல், ருசி நன்றாகவே இருந்தது. மோகனப்ரியா பரிமாற, இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். தணிகாசலம் இரண்டாவது தடவை சோறு வந்தபோது தட்டின் மேல் கையை வைத்து மறைத்தார்.

"போதும்மா" என்றார். "உன் சோறு நல்லாருக்குது. வயிறுதான் சின்னது."

"சரிங்க மாமா" என்றாள் மோகனப்ரியா. அவ்வளவு எளிதாக இருந்தது அது.

கை கழுவிவிட்டு வந்த பிரேமா சொன்னாள்: "இங்க சாப்புடற அன்னிக்கி அங்க கெடையாது. அங்கன்னா இங்க கெடையாது. அப்புறம், இன்னிக்கி சாயங்காலம் உங்க பெரிய புள்ளைகிட்ட நீங்களே சொல்லிடணும். நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும்."

தணிகாசலம் தலையாட்டினார்.

வாசல் வரை வந்த மோகனப்ரியா பிரேமாவின் கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, என் ஊட்டுக்காரருக்கும் தெரியாதுக்கா. கம்பெனி பஸ் வர்றதுக்குள்ள தட்டக் கழுவிக் கவுத்து வெச்சிடுவேன். அந்த ஊட்டு ஆளுங்க இந்த வாசல்ல வந்து நின்னா நான் இங்க இருக்க மாட்டேன்னு சொல்லியிருக்காரு. அண்ணன் பஸ் ஸ்டாண்டுல சொன்னது அவரு மனச உட்டுப் போவல. மூணு மாசமா மறைச்சிட்டேன். தெரிஞ்சா என்னைத்தான் கேப்பாரு."

பிரேமா அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு மாமனாரோடு ரோட்டுக்கு நடந்தாள்.

சாயங்காலம் ஏழு மணிக்குச் சந்திரமோகன் சாப்பிட உட்கார்ந்தான். தோசையும் தக்காளிச் சட்னியும். தணிகாசலம் கஞ்சி போதும் என்று சொல்லிவிட்டிருந்தார். ஏப்பம் எதுவும் இல்லை. மூன்று மாதத்தில் அந்த நேரத்துக்கு அவர் நெஞ்சைத் தடவாமல் உட்கார்ந்திருந்தது அன்றுதான். பிரேமா அடுப்பை அணைக்காமல், அடுத்த தோசையும் ஊற்றாமல் நின்றாள்.

"மோகனு" என்றார் தணிகாசலம்.

"சொல்லு நைனா."

"நான் மதியம் டில்லி ஊட்ல சாப்ட்டேன்."

சந்திரமோகனின் விரல் தோசையில் நின்றது.

"இன்னிக்கி மட்டும் இல்ல. மூணு மாசமா. அங்கயும் சாப்ட்டு இங்கயும் சாப்ட்டுத்தான் வயிறு கெட்டுச்சு. பிரேமா சமையல் மேல ஒரு தப்பும் இல்ல. காலையில மணவூருக்கு போன் போட்டு அக்காகிட்டயும் நானே சொல்லிடறேன்." மூச்சு விட்டுக்கொண்டார். "அன்னிக்கி உன்னை அனுப்பி அவன்கிட்ட அப்படிச் சொல்ல வெச்சது நான். சொன்னவன் நான், கெட்ட பேரு உனக்கு. நான் மட்டும் திருட்டுத்தனமா போயி சாப்ட்டுகினு இருந்தேன்."

சுவர்ப்பக்கம் மின்விசிறி கடகடவென்று ஓடியது. கத்துவான் என்று பிரேமா நினைத்தாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான் என்றுகூட நினைத்தாள். சந்திரமோகன் பிய்த்த தோசையைச் சட்னியில் தொட்டு, அப்படியே தட்டில் வைத்தான்.

"இன்னா கொயம்பு?" என்று கேட்டான்.

தணிகாசலத்துக்குப் புரியவில்லை. "இன்னாது?"

"அவன் ஊட்ல. மதியம் இன்னா கொயம்பு?"

"கத்திரிக்கா, காராமணி."

"காராமணின்னா அவன் தொட மாட்டானே. பொறுக்கித் தட்டு ஓரத்துல வெப்பான்."

"இப்போ சாப்புடறானாம்" என்றாள் பிரேமா. "மோகனா சொன்னா."

சந்திரமோகன் எழுந்து கை கழுவினான். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். தன் போனை எடுத்து எதையோ தேடினான், பிறகு கீழே வைத்தான். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்ததும் தம்பியின் நம்பரை அழித்தவன் அவன்தான்.

"உன்கிட்ட அவன் நம்பர் இருக்குதா?"

பிரேமா தயங்கினாள். பிறகு தன் போனில் 'கேஸ் புக்கிங்' என்று மாற்றிப் பதிந்து வைத்திருந்த பெயரைத் தொட்டு அவனிடம் நீட்டினாள். அவன் அந்தப் பெயரைப் படித்தான். அவளைப் பார்த்தான். பிறகு பச்சைப் பொத்தானைத் தொட்டான்.

"ஏங்க, ஒரு நிமிசம்" என்றாள் பிரேமா. "மாமா அங்க போறது அவனுக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு சொல்லல."

ஆனால் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. மூன்று முறை அடித்தது. நாலாவது முறை எடுத்தார்கள்.

"அண்ணி?" இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்ட அந்தக் குரல் அவசரமாக இருந்தது. "அண்ணி, நைனாவுக்கு எதுனா ஆச்சா?"

பாதிக் கஞ்சியோடு இருந்த கிண்ணத்தைத் தணிகாசலம் கீழே வைத்தார்.

சந்திரமோகன் போனை வாய்க்கருகில் கொண்டுபோனான். "டில்லி" என்றான். "நான்தான்டா."

மறுமுனையில் டில்லிபாபு போனை வைத்துவிடவில்லை. திரையில் விநாடிகள் மட்டும் ஓடின. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.